ஊர் திரும்பாத டாக்டர் சுப்பாராவ்

பெங்களூரில் ஓசூர் ரோட்டை ஒட்டி, நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிறது கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி. 1973-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. கர்நாடகத்தின் பல மாவட்டங்களில் இருந்து மட்டும் அல்ல, எல்லையைத் தாண்டி ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்தில் இருந்தும் நோயாளிகள் இங்கே வருகிறார்கள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு காத்து நிற்கும் தாய்மார்களையும் அங்கே பார்க்கலாம்.

குழந்தைகளைத் தாக்கும் ரத்த நோய்களுக்கு இதுபோன்ற ஆஸ்பத்திரிகளில் ஒரு மஞ்சள் நிற மருந்து கொடுக்கிறார்கள். மாத்திரையாகவும் கொடுப்பது உண்டு, ஊசி வழியாகவும் கொடுப்பது உண்டு. சில நோய்களில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு, மூளையைச் சுற்றி ஓடும் நீரிலேயே இதைச் சேர்ப்பார்கள். மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்சேட்.

இந்த மருந்து பிறந்த இடம் அமெரிக்கா. ஆனால் அது பிறந்த சோதனைச் சாலைக்குத் தலைவராக இருந்தவர் நம்மவர். சென்னைத் திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்தவர். மூன்றே ஆண்டுகளில் திரும்பி வருவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறியவர். திரும்பி வராமலே போனவர்.

அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

ரத்தத்தைத் தின்னும் நோய்

சுப்பாராவின் கதைக்குப் போகும் முன் அந்த மருந்து தேவைப்படும் நோய்களைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது.

நம் உடலில் நுழையும் கிருமிகளையும், வயதாகிச் செத்த ரத்த அணுக்களையும் விழுங்கிச் சுத்தம் செய்வதற்கு ஒரு வகை அணுக்கள் இருக்கின்றன. இவற்றுக்கு ஹிஸ்டியோசைட் என்று பெயர். வீட்டுக்குக் காவலாளி போல உடலுக்கு இவை காவல்.

மிக அரிதாகச் சில குழந்தைகளுக்கு இந்தக் காவல் அணுக்கள் கட்டுப்பாட்டை மீறிப் பெருகிவிடுகின்றன. கிருமி ஓடிய பிறகும் ஓயாமல், உடலில் உள்ள நல்ல ரத்த அணுக்களையே விழுங்க ஆரம்பிக்கின்றன. காய்ச்சல் இறங்குவதே இல்லை. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி வயிறு புடைக்கிறது. குழந்தை வெளுத்துப் போகிறது. டைபாய்டு, டெங்கு என்று நினைத்து வைத்தியம் செய்வதிலேயே நாட்கள் ஓடிவிடுவதும் உண்டு. இதை டாக்டர்கள் சுருக்கமாக எச்.எல்.எச். என்கிறார்கள்.

இன்னொரு வகை எல்.சி.எச். இதில் லாங்கர்ஹான்ஸ் என்ற வகை அணுக்கள் எலும்பிலும் தோலிலும் குவிகின்றன. தலை ஓட்டில் மெத்தென்ற வீக்கம், ஆறாத தலைப் பொருக்கு, ஓயாமல் சீழ் வடியும் காது ஆகியவை இதன் அடையாளங்கள்.

ஒரு காலத்தில் எச்.எல்.எச். வந்த குழந்தை பிழைப்பது அபூர்வம். இன்று பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் காப்பாற்ற முடிகிறது. குழந்தைகளின் ரத்த நோயை மருந்தால் அடக்க முடியும் என்ற நம்பிக்கையே 1947-க்குப் பிறகுதான் டாக்டர்களுக்கு வந்தது. அந்த நம்பிக்கையின் தொடக்கத்தில் நிற்பவர் சுப்பாராவ்.

பீமாவரத்துப் பையன்

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி பீமாவரத்தில் பிறந்தார். அன்று அது சென்னை மாகாணத்தில் இருந்தது. இன்று ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. தந்தை பெயர் ஜகன்னாதம். தாயார் வெங்கம்மா. ஏழு பிள்ளைகளில் இவர் நான்காவது.

குடும்பத்தில் வறுமை. பையனுக்கோ படிப்பில் அவ்வளவு நாட்டம் இல்லை. 13 வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகிவிடலாம் என்று வீட்டை விட்டே கிளம்பிவிட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். தாயார் ஆள் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தவறினார். பிறகு சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முறையாக எழுதித் தேறினார். அதன் பிறகு மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தார்.

இளம் வயதில் அவருக்குத் துறவி ஆகும் ஆசை வந்தது. ராமகிருஷ்ண மடத்தில் சேர விரும்பினார். தாயார் சம்மதிக்கவில்லை. துறவி ஆகாவிட்டாலும் நோயாளிகளுக்குத் தொண்டு செய்யலாமே என்று மனம் திரும்பியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

படிப்புச் செலவுக்கு நண்பர்கள் உதவினார்கள். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் உதவினார். அவருடைய மகள் சேஷகிரியைத்தான் 1919-ம் ஆண்டு சுப்பாராவ் மணந்தார்.

கதர்ச் சட்டை செய்த வினை

அது காந்தியடிகள் அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் கதர் கட்ட ஆரம்பித்தார். அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக்கூடக் கதர்த் துணியில் தைத்த அங்கியைப் போட்டுக்கொண்டுதான் போனார்.

அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் பிராட்பீல்டு ஆங்கிலேயர். மாணவனின் கதர் அங்கி அவருக்குப் பிடிக்கவில்லை. சுப்பாராவ் எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியிருந்தார். ஆனாலும் முடிவு வந்தபோது அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் இல்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது.

இதனால் அரசாங்க மருத்துவப் பணியில் நுழைய அவர் செய்த முயற்சி பலிக்கவில்லை. கடைசியில் சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தார்.

இதற்கிடையே வீட்டில் பெரும் துக்கம் நேர்ந்தது. சில நாட்கள் இடைவெளியில் அவருடைய சகோதரர்கள் இருவர் இறந்துபோனார்கள். ஸ்புரூ என்ற நோய்தான் காரணம். சாப்பிடும் சாப்பாடு உடம்பில் ஒட்டாமல் பேதியாகப் போய், ரத்தம் வற்றி, ஆள் எலும்பும் தோலுமாக ஆகிவிடும் நோய் அது. அன்று அதற்கு மருந்து இல்லை.

டாக்டருக்குப் படித்தும் உடன்பிறந்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற வேதனை அவரை அரித்தது. மருந்து கொடுக்கும் டாக்டராக இருந்தால் போதாது, மருந்து கண்டுபிடிப்பவனாக வேண்டும் என்ற வெறி பிறந்தது.

மூன்று வருட வாக்கு

அந்தச் சமயத்தில் ஜான் கென்ட்ரிக் என்ற அமெரிக்க டாக்டரைச் சந்திக்கும் வாய்ப்பு கிடைத்தது. அமெரிக்காவில் நடக்கும் ஆராய்ச்சிகளைப் பற்றி அவர் சொல்லக் கேட்டதும் சுப்பாராவின் மனம் அங்கே போய்விட்டது.

போவதற்குப் பணம்? காக்கிநாடாவில் உள்ள மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை உதவுவதாக வாக்குக் கொடுத்தது. மாமனாரும் பணம் கொடுத்தார். மூன்று ஆண்டுகளில் வந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார்.

1922-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி பாஸ்டன் நகரில் கால் வைத்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு நோய்களைப் பற்றிய படிப்பில் சேர்ந்தார்.

சென்னையில் வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே டாக்டர் தொழில் செய்ய முடியவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலை வேண்டும். பீட்டர் பென்ட் பிரிகாம் என்ற ஆஸ்பத்திரியில் இரவு நேர எடுபிடி ஆளாகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவி வைப்பதும் அவர் வேலை. பகலில் படிப்பு, இரவில் சட்டி கழுவுதல். பிழைக்கப் போன ஊரில், படித்த படிப்புக்கும் கிடைத்த வேலைக்கும் சம்பந்தம் இல்லாமல் போவதை அனுபவித்தவர்களுக்கு அவர் நிலைமை புரியும்.

அவர் கப்பல் ஏறிய பின் இங்கே சேஷகிரிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஒன்பது மாதத்தில் தோலைத் தாக்கும் ஒரு தொற்றுநோய் வந்து அந்தக் குழந்தை இறந்துவிட்டது. தந்தை மகனின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

சாதனைகள் வரிசையாக

ஹார்வர்டில் சைரஸ் பிஸ்க் என்ற பேராசிரியரிடம் சுப்பாராவ் ஆராய்ச்சியில் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையை 1925-ம் ஆண்டு வெளியிட்டார்கள். திரவம் எவ்வளவு நீலமாக மாறுகிறதோ அதை வைத்து அளவு சொல்லும் எளிய முறை. பிஸ்க்-சுப்பாராவ் முறை என்ற பெயரில் உலகம் முழுவதும் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

1927-ல் தசைகளுக்குள் இருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். தசை சுருங்கும்போது அது குறைகிறது, ஓய்வு எடுக்கும்போது மீண்டும் சேர்கிறது என்று காட்டினார்கள். மூட்டை தூக்குபவருக்கும் ஓடுபவருக்கும் அந்த நொடியில் பலம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு இது விடை சொன்னது. அதுவரை விஞ்ஞானிகள் நம்பியிருந்த கருத்தை மாற்றியது. 1929-ல், உயிருள்ள எல்லா அணுக்களுக்கும் சக்தி கொடுக்கும் ஏ.டி.பி. என்ற பொருளையும் பிரித்துக் காட்டினார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் லோமான் என்பவரும் அதைத் தனியாகக் கண்டுபிடித்தார்.

1930-ல் சுப்பாராவுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. ஆனால் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவே இல்லை. தன் பங்கைப் பெரிதாக எடுத்துச் சொல்லும் பழக்கமும் அவரிடம் இல்லை. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் அந்தக் காலத்தில் அங்கே படித்தவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் உரிய காலத்தில் வெளியே வராமல் போய், ஆண்டுகள் பல கழித்து மற்றவர்கள் மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று அவர் பதிவு செய்திருக்கிறார்.

1940-ல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டார். நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்து கம்பெனியில் சேர்ந்து, ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் ஆனார். மூன்று வருடம் என்று சொல்லி வந்தவருக்கு அப்போது பதினெட்டு வருடம் ஓடியிருந்தது.

பம்பாயில் தொடங்கிய கதை

அங்கே அவர் எடுத்துக்கொண்ட வேலைகளில் முக்கியமானது போலிக் அமிலம்.

இதன் கதை இந்தியாவில்தான் தொடங்கியது. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பக் காலத்தில் ரத்தசோகை வந்து செத்துக்கொண்டிருந்தார்கள். மார்மைட் என்ற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தபோது அவர்கள் பிழைப்பதை அவர் கண்டார். அந்தச் சாற்றில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது. அது என்ன என்றுதான் தெரியவில்லை.

1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் நான்கு டன் பசலைக் கீரையில் இருந்து அந்தச் சத்தைப் பிரித்தார்கள். இலை என்று பொருள் தரும் லத்தீன் சொல்லில் இருந்து போலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். டன் கணக்கில் கீரை வாங்கி எல்லோருக்கும் மருந்து செய்ய முடியுமா? 1945-ல் சுப்பாராவின் குழுவினர் சோதனைச் சாலையிலேயே அதைத் தயாரித்துக் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு டாக்டர்கள் ஸ்புரூ நோயாளிகளுக்குப் போலிக் அமிலத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வற்றிய ரத்தம் ஊறியது. சகோதரர்கள் இருவரைக் கொண்டுபோன நோய்க்கு, அவர்கள் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, உடன்பிறந்தவரின் சோதனைச் சாலையில் இருந்தே மருந்து வந்துவிட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் இன்றும் இந்தப் போலிக் அமிலம் சேர்ந்திருக்கிறது.

1947-ல் யானைக்கால் நோய்க்கு ஹெட்ராசான் என்ற மருந்தும் அவர் தலைமையில் வந்தது. தமிழ்நாட்டில் சுகாதார ஊழியர்கள் இரவில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்ததும், பிறகு மாத்திரை கொடுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்த மாத்திரை இதுதான். டெட்ராசைக்ளின் வகையில் முதல் மருந்தான ஆரியோமைசினும் அவர் தலைமையில் இருந்த லெடர்லியில்தான், பெஞ்சமின் டக்கர் என்ற முதிய விஞ்ஞானியால் கண்டுபிடிக்கப்பட்டது.

திறக்காத சாவி

பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி பார்பர் என்ற டாக்டர் இருந்தார். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சில வாரங்களில், சில மாதங்களில் சாவதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர். ரத்தசோகையைப் போலிக் அமிலம் குணப்படுத்துகிறதே, ரத்தப் புற்றுநோய்க்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தார். லெடர்லியில் இருந்து போலிக் அமில வகை மருந்துகளை வாங்கிக் கொடுத்தார்.

பலன் தலைகீழாக இருந்தது. நோய் வேகமாக வளர்வதாக அவருக்குத் தோன்றியது.

வேறு ஒருவராக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். பார்பர் வேறு விதமாக யோசித்தார். போலிக் அமிலம் நோய்க்குத் தீனி ஆகிறது என்றால், அந்தத் தீனியைத் தடுத்தால் நோய் அடங்க வேண்டும் அல்லவா?

அதற்கான பொருள் சுப்பாராவின் குழுவினரிடம் தயாராகிக்கொண்டு இருந்தது. போலிக் அமிலத்தைப் போலவே தோற்றம் உள்ள, ஆனால் அதன் வேலையைச் செய்யாத பொருள்கள் அவை. பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காத சாவியைப் போன்றவை. உள்ளே சிக்கிக்கொண்டு உண்மையான சாவியையும் நுழைய விடாது. வேகமாகப் பெருகும் அணுக்கள் போலிக் அமிலம் கிடைக்காமல் பெருக முடியாமல் நின்றுவிடும்.

அமினோப்டெரின் என்ற அந்த மருந்தை 1947-ம் ஆண்டின் கடைசியில் பார்பர் குழந்தைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். வீங்கியிருந்த மண்ணீரல் சுருங்கியது. படுத்த படுக்கையாகக் கிடந்த குழந்தைகள் எழுந்து விளையாடினார்கள். 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் அடங்கியது என்று 1948-ம் ஆண்டு ஜூன் மாதம் அறிவித்தார்.

நோய் அடங்கியது சில மாதங்களுக்குத்தான். மறுபடியும் தலை தூக்கிக் குழந்தைகளைக் கொண்டுபோனது. ஆனாலும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் மருந்துக்குப் பணியும் என்பது முதல் முறையாகத் தெரிந்துவிட்டது. அதே குழுவினரின் அடுத்த மருந்துதான் மெத்தோட்ரெக்சேட். விஷத்தன்மை சற்றுக் குறைவாக இருந்ததால் அதுவே நிலைத்தது.

வெற்றியைப் பார்க்காமலே...

பார்பரின் அறிவிப்பு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1948-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு நாள் இரவு படுக்கப் போன சுப்பாராவ் காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு. வயது 53.

கணவர் போய் ஏறத்தாழ 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. சேஷகிரி அவரை மறுபடியும் பார்க்கவே இல்லை. உலகத்தில் எத்தனையோ தாய்மார்களின் மடியில் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தவரின் வீட்டில், ஒரு பெண் பிள்ளையையும் இழந்து கணவரையும் இழந்து நின்றார். சுப்பாராவின் புகழைச் சொல்லும்போது அந்த அம்மையார் கொடுத்த விலையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அவருக்கு நோபல் பரிசு வரவில்லை. அமெரிக்கக் குடிமகனாகவும் அவர் ஆகவில்லை. இந்தியாவிலும் பல ஆண்டுகள் அவரை நினைத்தவர்கள் குறைவு. நூற்றாண்டு விழாவை ஒட்டி 1995-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. ஒரு வகைப் பூஞ்சைக்கு சுப்பாரோமைசிஸ் என்று விஞ்ஞானிகள் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இன்றும் ஓடும் மருந்து

அவர் விட்டுப்போன மருந்தோ இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. 1956-ல் கர்ப்பத்தின் நச்சுக்கொடித் திசுவில் வரும் புற்றுநோயை மெத்தோட்ரெக்சேட் முழுவதும் குணப்படுத்தியது. மற்ற மருந்துகளும் சேர்ந்த பின், குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோயில், வசதியுள்ள நாடுகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பிழைக்கிறார்கள்.

எச்.எல்.எச். நோய்க்கு ஸ்டீராய்டும் எட்டோபோசைடும் முக்கிய மருந்துகள். நோய் மூளையைத் தொட்டுவிட்டால் முதுகுத்தண்டு வழியாக மெத்தோட்ரெக்சேட் செலுத்துகிறார்கள். பிறவிக் கோளாறால் வந்ததாக இருந்தால் எலும்பு மஜ்ஜை மாற்றித்தான் குணப்படுத்த முடியும். நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளுக்கு இந்தப் பிறவிக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம். எல்.சி.எச். நோயிலும் சில குழந்தைகளுக்கு மெத்தோட்ரெக்சேட் பயன்படுகிறது.

இதே மருந்தை மூட்டுவாதத்துக்கும் தருகிறார்கள். அப்போது வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்த நோய்களில் நாளைக் கடத்துவதுதான் பெரிய எதிரி. ஒரு வாரம் கடந்தும் இறங்காத காய்ச்சல், வெளுத்த முகம், புடைத்த வயிறு, தோலில் ரத்தப் புள்ளிகள் இவை சேர்ந்து தெரிந்தால் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அங்கே ஒரு நர்சு மஞ்சள் நிற மருந்தை ஊசியில் ஏற்றக்கூடும். அது கதர் கட்டியதற்காகப் பட்டத்தை இழந்து, மலச்சட்டி கழுவி, சொன்ன நாளில் ஊர் திரும்ப முடியாமல் போன ஒரு மனிதர் அனுப்பி வைத்தது.